இறக்கத்தில் பதினாறே கால்

முதலில் தப்புச் செய்தவன் காசிமாயன். அதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், சார். முழுதும் கேட்ட பிறகு நீங்கள் யாரை வேண்டுமானாலும் குறை சொல்லுங்கள். ஆனால் முதலில் தப்புச் செய்தவன் காசிமாயன்.

ஏறுங்கள். அந்தக் கதவை இரண்டு தடவை அடித்துச் சாத்த வேண்டும். இன்னும் ஒரு தடவை. ஆங், விழுந்துவிட்டது. மெத்தை கிடையாது, வெறும் பலகைதான். அந்தத் துண்டை நாலாக மடித்துப் போட்டு உட்கார்ந்தால் இடுப்புக்குத் தெரியாது. உங்கள் பஸ் சாயங்காலம்தான் கிளம்பும். கீழே இருந்து மெக்கானிக் வந்து பார்க்க வேண்டும். வத்தலக்குண்டு வரைக்கும்தானே? கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். காசெல்லாம் வேண்டாம். ஒன்று மட்டும் கேட்கிறேன், தப்பாக நினைக்கக் கூடாது. நீங்கள் எத்தனை கிலோ இருப்பீர்கள்?

எழுபத்திரண்டா. பையோடா, பை இல்லாமலா?

சரி, சரி. சும்மாதான் கேட்டேன். இன்றைக்கு லோடில் மேராக்காய், உங்கள் பக்கம் சௌசௌ என்பார்களே, அது நாலு மூட்டை குறைவு. ஈடுகட்டிவிடலாம். உங்கள் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் மேலே ஏற்றிவிடுங்கள். திறந்திருந்தால் காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்கும். புழுக்கமாகத்தான் இருக்கும். பழகிவிடும்.

காசிமாயன் யார் என்கிறீர்களா? என் சம்சாரம் ஒச்சம்மாவின் தம்பி. மலை இறங்கி முடிகிற இடத்தில் மருதன்பட்டி என்று ஓர் ஊர் வரும். அங்கே ரோட்டோரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வீடும் அதற்குப் பின்னாலேயே. வண்டி வேலையில் கெட்டிக்காரன், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். பெரிய மீசை வைத்திருப்பான். இன்னும் முக்கால் மணி நேரத்தில் நீங்களே பார்ப்பீர்கள். அந்த மீசையை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சார். அது எனக்குச் சேர வேண்டியது.

சொல்கிறேன், சொல்கிறேன்.

போன தை மாதம். வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பிக்கப் ஸ்டாண்டு. அதை ஒட்டி ஒரு டீக்கடை. லோடு இறக்கிவிட்டு நாலைந்து டிரைவர்கள் நின்று பேசிக்கொண்டிருந்தோம். மைலேஜ் பேச்சு வந்தது. எங்கள் ஆட்களுக்கு வேறு என்ன பேச்சு இருக்கிறது? ஒருவன் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் கொடுக்கிறது என்றான். இன்னொருவன் இருபது என்றான். எல்லாம் புது வண்டி. நான் என் வண்டி பன்னிரண்டு கொடுக்கிறது என்றேன். இந்த வண்டிக்கு வயது இருபத்திரண்டு. நான் ஒரே ஆள்தான் ஓட்டியிருக்கிறேன். பன்னிரண்டு என்று சொன்னால் அது என்ன பெரிய பொய்யா?

காசிமாயன் சாமான் வாங்க வந்தவன், டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"பன்னெண்டா? மச்சான், அந்த வண்டிக்கு மாசாமாசம் வைத்தியம் பாக்குறவன் நானு. ஒம்போது குடுத்தாலே அன்னைக்கிப் பொங்க வைக்கலாம். ஊத்துன டீசலுக்கு ஒரு எருமைய வாங்கிக் கட்டியிருந்தீகன்னா பாலாவது கறந்திருக்கலாம்."

உடனே மொக்கராசு என்று ஒருவன், அவனும் டிரைவர்தான், "எருமைன்னா சாணியும் போடும்யா. இது பொகைய மட்டுந்தான போடுது" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். டீ ஆற்றுகிறவன் ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். அதைக்கூட விட்டுவிடுகிறேன். வண்டியில் ஒச்சம்மா உட்கார்ந்திருந்தாள். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில். அவளும் சிரித்தாள், சார். நான் வண்டியின் சைடு கண்ணாடியில் பார்த்தேன். தம்பி பேசினால் அக்காவுக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். விட்டுவிட்டேன் என்றால் மறந்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

நான் கிளாசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "பதினஞ்சு குடுத்துச்சுன்னா என்னடா செய்வ?"

"இந்த மீசைய எடுத்துர்றேன் மச்சான்."

"மீச மட்டும் பத்தாது. இதே எடத்துல, இத்தனை பேரு முன்னால நின்னு, 'உங்க வண்டியப் பேசுனது தப்பு மச்சான்'னு நீ சொல்லணும்."

"சொல்றேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஏற்றம், இறக்கம் இரண்டும் சேர்த்துப் பதினைந்து என்று அவன் சொன்னதாக மொக்கராசு இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறான். என் காதில் விழவில்லை. என் காதில் விழாத பேச்சு எப்படிப் பேச்சாகும்?

இதோ, இந்தச் செக்போஸ்ட்டைத் தாண்டினால் இறக்கம். கொஞ்சம் பொறுங்கள். இப்போது நியூட்ரல். இப்போது சாவி. பாதிதான் திருப்ப வேண்டும். முழுதும் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஆங்.

கேட்கிறதா? ஒன்றும் கேட்கவில்லை அல்லவா? அதுதான். டயர் உருளுகிற சத்தம் மட்டும்தான். இனிமேல் மருதன்பட்டி வரைக்கும் ஒரு சொட்டு டீசல் இறங்காது. மலையே தள்ளிக்கொண்டு போகும், சும்மா.

பிரேக்கா? பிடிக்கும். ஏன் பிடிக்காது? இஞ்சின் ஓடாவிட்டால் பெடல் கொஞ்சம் கல்லு மாதிரி ஆகிவிடும். இரண்டு காலையும் வைத்து மிதித்தால் பிடிக்கும். நீங்கள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கதவைப் பிடிக்காதீர்கள், அது திறந்துகொள்ளும்.

நான் மூன்றாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனால் ஒரு வேலை என்று எடுத்தால் அதைக் கரைத்துக் குடித்துவிடுவேன். மைலேஜ் எங்கே போகிறது என்று ராவும் பகலும் யோசித்தேன். காற்று குறைந்த டயர் டீசலைத் தின்னும். அதனால் அவர்கள் சொல்கிற அளவைவிட ஐந்து பவுண்டு கூட வைத்தேன். வண்டி குதிக்கும், குதித்தால் குதிக்கட்டும். கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவது தப்பு. அதை விட்டேன். ஏர் ஃபில்டரை வாரம் ஒரு தடவை தட்டித் துடைத்தேன். நாற்பதுக்கு மேல் ஓட்டவே மாட்டேன். பின்னால் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். முன்னால் பஸ் போனால் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போவேன். அது காற்றைக் கிழித்துக் கொடுக்கும், நமக்குப் பாரம் இல்லை. இதற்கெல்லாம் பத்தரை வந்தது. பத்தரைக்கு மேல் நகரவில்லை.

அதற்குள் காசிமாயன் வீட்டுக்கே வந்துவிட்டான். நல்லவன் மாதிரி. "மச்சான், சும்மா வெளாட்டுக்குப் பேசுனதுக்கு இம்புட்டு மல்லுக்கட்ட வேணாம். வண்டிய ரெண்டு நாளு விடுங்க. நாசில மாத்தி, பம்ப செட் பண்ணுனா தானா பதிமூணு குடுக்கும். பிரேக் லைனிங்கும் தேஞ்சு கெடக்கு. காசு வேணாம், அக்கா ஏறுற வண்டி" என்றான்.

எப்படி இருக்கிறது பாருங்கள் தந்திரம். அவன் கையால் வேலை பார்த்து, அவன் ஒர்க்‌ஷாப்பில் இருந்து வண்டி வெளியே வந்து பதினைந்து கொடுத்தால் அது யாருடைய பதினைந்து? நாளைக்கு ஸ்டாண்டில் என்ன சொல்வான்? நான் அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். ஒச்சம்மாதான் பின்வாசல் வழியாகக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். அதையும் நான் பார்த்தேன்.

பிறகுதான் எனக்குப் பாரம் என்பது பிடிபட்டது. வண்டி டீசலைத் தின்பது நம்மைச் சுமக்கத்தானே? பாரத்தைக் குறைத்தால் தீர்ந்தது. ஸ்டெப்னியை இறக்கி வீட்டில் வைத்தேன். ஜாக்கியை இறக்கினேன். படுதா போடுகிற இரும்புச் சட்டத்தைக் கழற்றினேன். சீட் மெத்தைகளைக் கழற்றினேன். டேஷ்போர்டில் ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார், கல்லில் செய்தது. அவரைப் பூசை அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு ஒரு படத்தை ஒட்டினேன். அதோ, அந்தப் படம்தான். பதினொன்றே கால் வந்தது.

இனி எதை இறக்குவது?

தப்பாக நினைக்காதீர்கள். நான் கேட்டது எல்லாம் கணக்குக்காகத்தான். மண்டியில் மூட்டை நிறுக்கிற தராசு இருக்கிறது அல்லவா, அந்தப் பெரிய பலகைத் தராசு. ஒருநாள் லோடு இறக்கி முடித்ததும் ஒச்சம்மாவை அதில் ஏறி நிற்கச் சொன்னேன்.

"எதுக்குங்க?" என்றாள்.

"ஏறேன், சொல்றேன்."

ஏறி நின்றாள். ஐம்பத்தெட்டு. சுமை தூக்குகிறவர்கள் நாலு பேர் நின்றார்கள். ஒருவன், "அண்ணே, சாக்கு கழிவு ஒரு கிலோ கழிச்சுக்கிருங்க" என்றான். அவர்கள் வாய் அப்படி. நானா சொன்னேன்? அவள் இறங்கி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஐம்பத்தெட்டு கிலோ என்றால் ஒரு மூட்டை மேராக்காய், சார். பத்தொன்பது வருஷமாக ஒரு மூட்டை மேராக்காயைத் தினமும் சும்மாவே ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

மறுநாள் காலையில், "இனிமே நான் வரலைங்க" என்றாள்.

"நீ வராட்டி மூட்டைய யாரு எண்ணுறது? கட்டைய யாரு போடுறது?" என்று சத்தம் போட்டேன்.

கட்டை என்றால், மலை ரோட்டில் சரிவில் வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் அணை கொடுப்பது. எங்களிடம் ஒரு புளியங்கட்டை இருந்தது. முக்கோணமாகச் செதுக்கி, இழுப்பதற்கு ஒரு கயிறு கட்டியிருக்கும். வண்டி நிற்கிற நேரத்தில் அவள் கதவைத் திறந்து குதித்து, சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளிவிட்டு, ஒரு கையை உயர்த்துவாள். கையைப் பார்த்த பிறகுதான் நான் பிரேக்கிலிருந்து காலை எடுப்பேன். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் தப்பியது இல்லை. அதற்கு ஆள் வேண்டுமா, வேண்டாமா? அதனால் வந்தாள்.

ஆனால் காலையில் சாப்பிடாமல் வர ஆரம்பித்தாள். நான் சொல்லவில்லை, சார். சத்தியமாகச் சொல்லவில்லை. அவளாகத்தான். எனக்குத் தூக்குச்சட்டியில் போட்டு வைத்திருப்பாள், அவள் ஒன்றும் தொடமாட்டாள். ஒரு மாதம் கழித்து மறுபடி தராசில் நிறுத்தினேன். ஐம்பத்தைந்து. "பரவாயில்லயே" என்றேன். நல்லதைத்தான் சொன்னேன். அவள் இறங்கி மூட்டை எண்ணப் போய்விட்டாள். வண்டியும் பன்னிரண்டைத் தாண்டவில்லை.

மெதுவாக, மெதுவாக. ஒன்றும் இல்லை, இந்த வளைவு கொஞ்சம் குறுகல். பாருங்கள், பிடித்துவிட்டது அல்லவா? சும்மா பயப்படுகிறீர்கள்.

அப்புறம்தான் இந்த யோசனை. இறக்கத்தில் இஞ்சின் எதற்கு? மலைதானே இழுக்கிறது. இஞ்சினை அணைத்தால் என்ன? இதைக் கண்டுபிடிக்க எனக்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. அதோடு இன்னொன்றும் பிடிபட்டது. மேலே தாண்டிக்குடியில் கேனில் டீசல் வாங்கி, டேங்கைக் கழுத்துவரை நிரப்பிவிட வேண்டும். கீழே வந்ததும் பெட்ரோல் பங்கில் மறுபடி கழுத்துவரை நிரப்ப வேண்டும். எத்தனை பிடிக்கிறதோ அதுதான் செலவு. நேரான கணக்கு. ஏற்றத்தை எதற்குச் சேர்க்க வேண்டும்? ஏற்றத்தில் எந்த வண்டிதான் கொடுக்கும்? ஏற்றத்தில் தின்பது வண்டி இல்லை, சார், மலை. மலை தின்பதற்கு என் வண்டியா பழி சுமக்கும்?

பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் தடவையாக இஞ்சினை அணைத்தேன். ஒச்சம்மா திரும்பிப் பார்த்தாள்.

"என்னங்க, வண்டி நின்னு போச்சா?"

"நிக்கல. ஓடிக்கிட்டுத்தான இருக்கு?"

"சத்தத்தைக் காணாமே. எழுப்புங்க."

"சும்மா இரு."

இதோ, இந்த வளைவுதான், சார். இங்கே இடது பக்கம் பாருங்கள், அந்த வெள்ளைக் கல். அதற்கு அப்பால் பள்ளம்தான். எதிரே பால்வண்டி ஏறி வந்தது. நான் மிதித்தேன். பெடல் கல்லாக நின்றது. அதுவரைக்கும் எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு காலையும் வைத்திருப்பேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பால்வண்டிக்காரன் ஓரம் கட்டி நின்றுவிட்டான். என் வண்டி வெள்ளைக் கல்லைப் பார்த்து மெதுவாகப் போகிறது. மெதுவாகத்தான் போனது. ஆள் நடக்கிற வேகம்.

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவள் குதித்துவிட்டாள். கட்டையோடு. வண்டிக்கு முன்னால் ஓடி, குனிந்து, முன் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகினாள். நின்ற வண்டிக்குப் போடுவது வேறு, ஓடுகிற வண்டிக்குப் போடுவது வேறு அல்லவா? கையை எடுக்கத் தாமதமாகிவிட்டது. வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது.

வண்டி நின்றது. கட்டையால் நின்றது என்று பால்வண்டிக்காரன் ஊரெல்லாம் சொல்கிறான். நான் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அதுவாகவே நின்றிருக்கும். ஒரு அடி, இரண்டு அடி தள்ளி நின்றிருக்கும்.

நான் இறங்கி ஓடினேன். அவள் ரோட்டில் உட்கார்ந்து கையைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள். அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா? அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். "நல்ல வேளை, இம்புட்டு நடந்தும் இஞ்சின எழுப்பல பாத்தியா."

அவள் எழுந்தாள். இடது கையால் கயிற்றைப் பிடித்துக் கட்டையை இழுத்து எடுத்தாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். வண்டியில் ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. பால்வண்டிக்காரன் தன் வண்டியைத் திருப்பி அவளை ஏற்றிக்கொண்டு போனான். அவனுக்கும் இறக்கம்தான், ஆனால் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு போனான், ஊதாரி. மருதன்பட்டியில் அவள் தம்பி வீட்டில் இறங்கியவள்தான். இன்றைக்கு ஐந்து மாதம்.

அன்றைக்குப் பங்கில் போய் நிரப்பினேன். பதினாறே கால். பதினாறே கால், சார்! பங்குப் பையனை இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன். அதில் அவள் பாரம் இல்லாதது பாதி வழிக்குத்தான். முழு வழிக்கும் இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் வந்திருக்கும்.

நேராக ஸ்டாண்டுக்குப் போய்ச் சொன்னேன். ஒருவனும் கை தட்டவில்லை. மொக்கராசு மட்டும், "அக்கா கை எப்பிடிண்ணே இருக்கு?" என்றான். நான் மைலேஜ் சொல்கிறேன், அவன் கையைக் கேட்கிறான்.

அன்றிலிருந்து காத்திருக்கிறேன். காசிமாயன் மீசையை எடுக்க வேண்டும். ஸ்டாண்டுக்கு வந்து அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அன்றைக்கே போய் ஒச்சம்மாவை வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்துவிடுவேன். அவள் ஐம்பத்தெட்டானாலும் சரி, அறுபதானாலும் சரி. இதை நான் நாலு பேரிடம் சொல்லி அனுப்பியும்விட்டேன். ஐந்து மாதமாக நானே பொங்கித் தின்கிறேன், சார். சோறு பொங்குவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்பதுதான் பிடிபடவே மாட்டேன் என்கிறது. தினமும் மிஞ்சிவிடுகிறது.

காசிமாயன் என்ன செய்தான் தெரியுமா? மீசையை எடுப்பதை விட்டுவிட்டு, பஞ்சாயத்தில் மனுக் கொடுத்து, அவன் வீட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை போட வைத்தான். எதற்கு? என் மைலேஜைக் கெடுக்கத்தான். வேறு எந்த வண்டி அங்கே இஞ்சின் இல்லாமல் வருகிறது? அந்த மனுவில் முதல் கையெழுத்து ஒச்சம்மாவுடையது என்றும், இடது கையால் போட்டாள் என்றும் மொக்கராசு சொன்னான். அவன் பேச்சை யார் நம்புவது? அவள் எதற்கு என் வண்டியை நிறுத்தப் பார்க்கிறாள்?

ஆனால் நான் நிற்கவில்லை. ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூட அந்த வேகத்தடையில் நான் நின்றதில்லை. இறக்கம் அங்கே முடிந்துகொண்டே வரும். மெதுவாக ஏறி, இதோ நின்றுவிடும் என்கிற நேரத்தில் முன் சக்கரம் உச்சியைத் தாண்டிவிடும். பிறகு அதுவாக உருண்டுவிடும். அளவு தெரிந்து விட வேண்டும். அளவு எனக்குத் தெரியும்.

அதோ, தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா? அதுதான் மருதன்பட்டி. நீங்கள் இப்போது பேசக் கூடாது, நான் பார்த்து விட வேண்டும்.

நிற்கிறாள் பாருங்கள், நீலச் சேலை. தினமும் இந்த நேரத்துக்கு நிற்பாள். வண்டிச் சத்தம் கேட்காது, ஆனாலும் எப்படித் தெரியுமோ, வந்து நின்றுவிடுவாள். "சாப்பிட்டீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்பாள். நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டே போய்விடுவேன். பதில் சொன்னால் நிறுத்த வேண்டி வரும். நிறுத்தினால் மறுபடி எழுப்ப வேண்டி வரும்.

பக்கத்தில் யார் அது? காசிமாயன் சட்டை. ஆனால் காசிமாயன் இல்லை. மூஞ்சி என்னமோ வெளுத்துப்போய், சின்னப் பையன் மாதிரி...

சார். மீசை இல்லை, சார். மீசையை எடுத்துவிட்டான். நீங்களும் பாருங்கள், எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? மேல் உதடு பளபளவென்று இருக்கிறது. பதினெட்டு வயதிலிருந்து வளர்த்த மீசை, சார்.

அடடா. அடடா, போச்சு. பிரேக்கை மிதித்துவிட்டேன். பார்த்துக்கொண்டே மிதித்துவிட்டேன். உச்சி ஏறவில்லை. நின்றுவிட்டது.

இருங்கள், பின்னால் கொஞ்சம் உருண்டால் மறுபடி... ஏய்! ஒச்சம்மா, ஏய்! கையை வைக்காதே!

போட்டுவிட்டாள். சக்கரத்துக்குப் பின்னால், அதே புளியங்கட்டை. பாருங்கள், இடது கையால் போட்டிருக்கிறாள். போட்டுவிட்டுக் கையை உயர்த்திக் காட்டுகிறாள். வலது கையை. இரண்டு விரலும் மடங்கவே இல்லை, சார். அப்படியே விறைத்து நிற்கிறது.

காலை எடுத்துவிட்டேன். கையைப் பார்த்ததும் கால் தானாக வந்துவிட்டது. பழக்கம்.

என்ன சொல்கிறான் அவன்? கண்ணாடியை இறக்குங்கள், கேட்கட்டும்.

"எடுத்துட்டேன் மச்சான். நீங்கதான் செயிச்சீக. எறங்கி வாங்க. வண்டி நிக்கட்டும், பிரேக்கை மட்டும் நான் பாத்துர்றேன். பெறகு அக்காவக் கூட்டிக்கிட்டுப் போங்க."

கேட்டீர்களா? நன்றாகக் கேட்டீர்கள் அல்லவா? 'செயிச்சீக' என்றான். 'உங்க வண்டியப் பேசுனது தப்பு' என்று சொன்னானா? சொல்லவில்லை. எங்கே வைத்துச் சொல்கிறான்? அவன் வீட்டு வாசலில் வைத்து. ஸ்டாண்டு எங்கே? அன்றைக்குச் சிரித்தவர்கள் எங்கே? டீ ஆற்றினவன் எங்கே? நீங்கள் ஒருவர்தான் சாட்சி. உங்களை வைத்துக்கொண்டு நான் ஸ்டாண்டில் போய் என்ன சொல்ல முடியும்? பேச்சு என்ன? அதே இடத்தில், அத்தனை பேர் முன்னால். மீசையை இங்கே எடுத்தால், அது ஷேவிங், சார். எனக்குக் கொடுத்ததாகுமா?

எங்கே இறங்குகிறீர்கள்? வத்தலக்குண்டு வரைக்கும் என்றீர்களே. சரி, இறங்குவதுதான் இறங்குகிறீர்கள், போகிறபோது அந்தக் கட்டையை எடுத்துவிடுங்கள். நான் இறங்கி எடுக்க மாட்டேன். இறங்கினால் அவள் தட்டை வைத்துவிடுவாள். அதற்குள் கையில் எடுத்துவிட்டாள் பாருங்கள், மூடி போட்ட தூக்குச்சட்டி. எனக்குத் தெரியும் அது என்ன குழம்பு என்று. மணம் இங்கே வரைக்கும் வருகிறது.

கட்டையை எடுக்காமலே முன்னால் போகலாம்தான். சாவியைத் திருப்பினால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் எழுப்பிவிட்டால் இன்றைய கணக்கு போச்சு. இன்றைக்கு உங்களையும் ஏற்றிக்கொண்டே பதினாறைத் தொட்டிருக்கும்.

சார், கட்டை. கட்டையை எடுங்கள் என்றால் அவளோடு நின்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே. என்ன சொல்கிறாள்? சாப்பிட்டேனா என்றா? சாப்பிட்டுவிட்டேன் என்று சொல்லுங்கள். ராத்திரி மிஞ்சினது இருந்தது, சாப்பிட்டுவிட்டேன்.

அவனிடமும் சொல்லுங்கள். மீசை வந்துவிட்டது, வார்த்தை இன்னும் வரவில்லை என்று சொல்லுங்கள். ஸ்டாண்டுக்கு வரட்டும். வருகிறேன் என்று அவன் சொல்கிற வரைக்கும் நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன். எனக்கு என்ன? இஞ்சின் ஓடவில்லை, சார். உட்கார்ந்திருப்பதற்கு ஒரு சொட்டு டீசல் ஆகாது.